இரண்டாவது தோட்டா: வாசகர் கேள்வி-பதில்

ரங்கூனுக்கும் பினாங்குக்கும் கப்பலேறிய காலம் போய், செட்டிநாட்டுப் பிள்ளைகள் இன்று மியூனிக்கிலும் ஸ்டாக்ஹோமிலும் குடியிருக்கிறார்கள். அங்கே பரீட்சை எழுதி உரிமம் வாங்கியவர்கள் சட்டப்படி வேட்டைக்குப் போகலாம். நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்ததோடு அந்தப் பேச்சு முடிந்துவிட்டது. ஆகவே துப்பாக்கித் தேர்வு பற்றிய பதில்கள் வெளிநாட்டில் உரிமம் உள்ளவர்களுக்கு மட்டும். ஊரிலிருந்து வந்த மற்றக் கேள்விகளுக்குத் தனியே பதில் இருக்கிறது.

கேள்வி: என் தம்பி மகன் பவேரியாவில் வேலை பார்க்கிறான். வேட்டைப் பரீட்சையில் தேறிவிட்டான். "ஸ்ட்ரெயிட் புல் ரைஃபிள்தான் வாங்கணும் அயித்தை, ரெண்டாவது குண்டு சீக்கிரம் போகும்" என்கிறான். விலையோ சாதாரண ரைஃபிளைப் போல இரண்டு மூன்று மடங்கு. பாதிப் பணம் நான் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். அதில் அப்படி என்ன இருக்கிறது? — ஒரு வாசகி, கானாடுகாத்தான்

பதில்: உங்கள் வீட்டு இரண்டாங்கட்டுக் கதவின் இரும்புத் தாழ்ப்பாளை நினைத்துக்கொள்ளுங்கள். பிடியை மேலே தூக்கி, இழுத்து, மறுபடி தள்ளி, கீழே மடக்கினால்தான் பூட்டும். துப்பாக்கிக் குழலின் பின்வாயை அடைக்கும் தாழைத்தான் போல்ட் என்பார்கள். சாதாரண போல்ட் ரைஃபிளுக்கும் இதே நான்கு அசைவுதான். ஸ்ட்ரெயிட் புல்லில் பிடியைத் தூக்கவும் வேண்டாம், மடக்கவும் வேண்டாம். மேசை இழுப்பறையைப் போல நேராக இழுத்து நேராகத் தள்ளினால் பழைய ஓடு வெளியே விழும், புதுத் தோட்டா உள்ளே ஏறும், பூட்டும் விழும்.

மிச்சமாகும் நேரம் நொடியில் ஒரு பங்குதான். பெரிய லாபம் வேறிடத்தில் இருக்கிறது. பிடியைத் தூக்கும்போது துப்பாக்கி ஒரு பக்கம் சாயும், கன்னம் தோளில் ஊன்றும் கட்டையை விட்டு விலகும், குறிபார்க்கும் கண்ணாடியான ஸ்கோப்பில் மிருகம் காணாமல் போகும். அதைத் தேடிப் பிடிப்பதற்குள் பன்றி புதருக்குள் போய்விடும். நேராக இழுக்கும்போது கன்னம் இருந்த இடத்திலேயே இருக்கும், கண்ணும் மிருகத்தை விடாது.

அந்த இரண்டாவது தோட்டா எதற்கு என்பதையும் சொல்லிவிட வேண்டும். இன்னொரு மிருகத்தைச் சேர்த்து அடிப்பதற்காக அதைக் கேட்கவில்லை. முதல் குண்டு பிசகிக் காயப்பட்ட மிருகம் காட்டுக்குள் ஓடி இரவெல்லாம் கிடந்து சாகாமல், அந்த நொடியிலேயே முடிய வேண்டும். நல்ல வேட்டைக்காரர்கள் மிருகம் விழுந்ததைக் கண்ணால் பார்த்தாலும் உடனே அடுத்த தோட்டாவை ஏற்றிவிட்டுத்தான் மூச்சு விடுவார்கள்.

இனி பணம். உங்கள் தம்பி மகன் மரத்தடிப் பரணில் உட்கார்ந்து, அசையாமல் நிற்கும் மானை மட்டும் சுடப்போகிறான் என்றால் இந்தச் செலவு வேண்டாம். சாதாரண போல்ட் போதும். நவம்பர், டிசம்பர் மாதங்களில் ஆட்களும் நாய்களும் காட்டைக் கலைக்க, ஓடிவரும் பன்றியைச் சுடும் விரட்டு வேட்டைக்கு ஆண்டுக்கு நாலைந்து முறையாவது போவான் என்றால் கொடுங்கள். "தானாகவே ஏறும் செமி ஆட்டோமேட்டிக் இருக்கிறதே" என்று யாராவது சொல்லலாம். ஜெர்மன் வேட்டைச் சட்டப்படி அதில் மொத்தமே மூன்று தோட்டாவுக்கு மேல் ஏற்றியிருக்கக்கூடாது. பிரிட்டனில் 1987-இல் ஹங்கர்ஃபோர்டு ஊரில் நடந்த கொலைகளுக்குப் பிறகு, 1988 சட்டத்தால் அந்த வகைப் பெரிய ரைஃபிள்களையே தடைசெய்துவிட்டார்கள். கையால் இழுக்கும் ஸ்ட்ரெயிட் புல்லுக்கு அந்தத் தடை இல்லை. அது ஐரோப்பாவில் இவ்வளவு பரவியதற்கு இதுவும் ஒரு முக்கியமான காரணம்.

கேள்வி: பிளேசர், மெர்க்கல், பிரௌனிங், பெரெட்டா என்று கடைக்காரர் நாலைந்தை எடுத்து அடுக்கிவிட்டார். எனக்கு இடது கைப் பழக்கம். எதைப் பார்த்து முடிவு செய்வது? — தேவகோட்டைக்காரர், தற்போது மியூனிக்

பதில்: தம்பி, முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். பிறகு பெயரை மறந்துவிட்டுக் கையில் எடுத்துப் பாருங்கள்.

பிளேசர் நிறுவனம் 1993-இல் ஆர்93-ஐயும் 2008-இல் ஆர்8-ஐயும் கொண்டுவந்தது. ஆர்8-இன் போல்ட் முனையில் பூ இதழ் போலப் பிளந்த ஒரு வளையம் இருக்கும். பிடியை முன்னே தள்ளி முடிக்கும்போது அந்த இதழ்கள் விரிந்து குழலுக்குள் வெட்டியிருக்கும் பள்ளத்தில் சுற்றிலும் பதியும். பாதுகாப்புக்குக் கட்டைவிரல் படும் இடத்தில் ஒரு நகர்த்தி உண்டு. அதை முன்னே தள்ளினால்தான் சுத்தியல் வில் ஏறும், ஏற்றாதவரை சுடாது. விசையும் தோட்டா அடுக்கும் மேகசினும் ஒரே துண்டாகக் கழன்று வரும். பையில் போட்டுக்கொண்டால் துப்பாக்கி வெறும் இரும்புதான் என்பதால் வண்டியில் கொண்டுபோக நல்லது. ஆனால் அந்தத் துண்டைக் காட்டில் தொலைத்தால் அன்றைய வேட்டை அதோடு சரி. அது தானாக விழாதபடி பூட்டிவைக்க உள்ளேயே ஒரு சிறு நகர்த்தி இருக்கிறது, விரட்டு வேட்டைக்குப் போகும்போது அதைப் போட்டுவிடுங்கள்.

ஜெர்மனியின் சூல் நகரத்து மெர்க்கலின் ஹீலிக்ஸில் போல்ட்டின் தலை சுழன்று பூட்டும், ஏழு பற்கள். உள்ளே பல்சக்கரம் இருப்பதால் பிடி ஒரு பங்கு நகர்ந்தால் போல்ட் ஒன்றரைப் பங்கு நகரும். குட்டைக் கைக்காரர்களுக்கு இது வரம். தூரம் குறைகிற அளவுக்கு இழுக்கும் பலம் கூடத்தான் செய்யும், கடையிலேயே உணர்வீர்கள். போல்ட் கூட்டுக்குள்ளேயே ஓடுவதால் முகத்தை நோக்கி எதுவும் வராது. ஆர்8-இல் போல்ட் வெளியே பின்னால் வரும். பழகாதவர்கள் கண்ணைச் சிமிட்டிவிடுவார்கள்.

பிரௌனிங் மராலில் இழுத்து விட்டால் வில்லே போல்ட்டை முன்னே கொண்டுபோய்ப் பூட்டும். வில்லை எதிர்த்து இழுக்கவேண்டும் என்பதுதான் அதற்குக் கொடுக்கும் விலை. 2021-இல் வந்த பெரெட்டா பிஆர்எக்ஸ்1 மற்றவற்றைவிட மலிவு, உங்களைப் போன்றவர்களுக்கு அதில் ஒரு பெரிய வசதியும் உண்டு. பிடியை வலமிருந்து இடத்துக்கு நாமே மாற்றலாம், ஓடு விழும் பக்கத்தையும் மாற்றலாம். ஆர்8-இல் இடது கைக்கு என்று தனியாகவே கேட்டு வாங்க வேண்டும். இடது கைக்காரர் வலது கை ரைஃபிளை வாங்கிச் சமாளிப்பது ஸ்ட்ரெயிட் புல் வாங்குவதையே வீணாக்கும்.

கடையில் இப்படிச் செய்யுங்கள். வேட்டைக்குப் போடும் அதே தடித்த கோட்டையும் கையுறையையும் போட்டுக்கொண்டு போங்கள். கண்ணை மூடித் துப்பாக்கியைத் தோளில் ஏற்றி, பிறகு திறங்கள். ஸ்கோப்பில் வட்டம் முழுதாகத் தெரியவேண்டும், ஓரத்தில் கருப்பு நிலா தெரிந்தால் கட்டை உங்களுக்குப் பொருந்தவில்லை. பொய்த்தோட்டா ஐந்தைப் போட்டு, தோளிலிருந்து இறக்காமல் ஐந்தையும் இழுத்துத் தள்ளுங்கள். கூட வந்தவரைப் பக்கவாட்டில் நிற்கச் சொல்லி இரண்டை மட்டும் கவனிக்கச் சொல்லுங்கள்: கன்னம் விலகுகிறதா, குழல் முனை எவ்வளவு ஆடுகிறது. முனை மிகக் குறைவாக ஆடிய துப்பாக்கி எதுவோ அதுதான் உங்களுடையது. கடைக்காரர் எதை மெச்சினாலும் சரி.

கேள்வி: தோட்டா .308 போதுமா, 9.3×62 வேண்டுமா? ஸ்கோப் என்ன போடலாம்? ஓடும் பன்றிக்கு எவ்வளவு முன்னால் குறி வைப்பது? — காரைக்குடி வாசகரின் மகன், ஹனோவர்

பதில்: காட்டுப்பன்றிக்கு ஜெர்மன் சட்டம் கேட்பது குறைந்தது 6.5 மில்லிமீட்டர் விட்டமும் 100 மீட்டரில் 2,000 ஜூல் ஆற்றலும். .308 வின்செஸ்டர் இதைத் தாராளமாகத் தாண்டும். அதன் குண்டு 10, 11 கிராம். 9.3×62-இன் குண்டு 16 முதல் 19 கிராம் வரை. கனமான குண்டு அடிப்பது பலம்தான், ஆனால் அதே பலத்தில் தோளையும் தள்ளும். துப்பாக்கி எகிறி மறுபடி பன்றியின் மேல் வந்து நிற்கும் நேரம்தான் இரண்டாவது தோட்டாவின் நேரம். முதல் துப்பாக்கிக்கு .308 அல்லது .30-06 எடுங்கள். ஸ்கோப்போடு சேர்த்து எடை மூன்றரைக் கிலோவுக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சுமக்க லேசாக இருக்கிறதே என்று வாங்கிய துப்பாக்கி சுடும்போது துள்ளும்.

ஸ்கோப் 1–6×24 போதும், அதாவது ஒன்று முதல் ஆறு மடங்கு வரை பெரிதாக்கிக் காட்டுவது. விரட்டு வேட்டையில் ஒன்றிலேயே வைத்திருங்கள், நடுவில் சிவப்புப் புள்ளி எரியட்டும், இரண்டு கண்ணும் திறந்திருக்கட்டும். உருப்பெருக்கத்தை நாலில் வைத்துவிட்டு, முப்பது மீட்டரில் வரும் பன்றியின் வெறும் மயிரை மட்டும் பார்த்துத் திகைப்பவர்கள் நிறைய.

முன்குறிக்கு ஒரு கணக்கு. குண்டு நொடிக்குச் சுமார் 780 மீட்டர் போகிறது என்று வைத்தால் 50 மீட்டரைக் கடக்க 0.064 நொடி. பன்றி நொடிக்கு 8 மீட்டர் ஓடினால் அதற்குள் அரை மீட்டர் நகர்ந்துவிடும். 30 மீட்டரில் ஒரு சாண் கொஞ்சம் கூட. துள்ளாமல் நடையோட்டமாக வந்தால் இதில் பாதி. பன்றியின் பின்தொடையில் குண்டு போய்ப் படுவதற்குக் காரணம் பெரும்பாலும் இந்தக் கணக்குப் பிழை இல்லை. விசையை இழுக்கும் நொடியில் துப்பாக்கியை ஓட்டுவதை நிறுத்திவிடுகிறார்கள், அதனால்தான். குழல் பன்றியோடு ஓடிக்கொண்டே இருக்கவேண்டும், சுட்ட பிறகும் ஓடவேண்டும், போல்ட்டை இழுக்கும்போதும் ஓடவேண்டும். குண்டு மண்ணில் போய்ப் புதையும் சரிவு பின்னால் இல்லை என்றால் எந்தக் கணக்கும் வேண்டாம், விட்டுவிடுங்கள். பக்கத்து ஆள் நிற்கும் திசையைக் குழல் ஒருமுறைகூடக் கடக்கக்கூடாது.

கேள்வி: புது ரைஃபிளில் முதல் தோட்டா வெடித்தது. இரண்டாவதற்கு விசையை இழுத்தால் ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு நாள் இரண்டு தோட்டா ஒன்றாகச் சிக்கிக்கொண்டது. துப்பாக்கியில் குறையா? — பள்ளத்தூர் பிறந்த ஊர், இப்போது சுவீடன்

பதில்: துப்பாக்கியில் குறை இருக்க வாய்ப்புக் குறைவு. ஸ்ட்ரெயிட் புல்லுக்கே உரிய இரண்டு பழக்கக் கோளாறுகள் இவை.

முதலாவது, போல்ட்டை முழுக்கத் தள்ளாதது. சாதாரண போல்ட்டில் பிடி கீழே மடங்கவில்லை என்றால் கைக்கே தெரிந்துவிடும். இங்கே கடைசி ஒரு விரற்கடையில்தான் பூட்டு விழுகிறது. சத்தம் கேட்டுவிடும் என்று மெல்லத் தள்ளினால் அந்த விரற்கடை மிச்சம் நிற்கும், பாதுகாப்பு அமைப்பு சுடவிடாது. அது சுடாமல் நின்றது உங்கள் நல்ல காலம். முதல் உலகப்போரில் கனடாப் படைக்குக் கொடுத்த ராஸ் ரைஃபிளும் ஸ்ட்ரெயிட் புல்தான். அதன் போல்ட்டைக் கழற்றித் தவறாகச் சேர்த்துவிட்டால் பூட்டாமலே சுடும், போல்ட் சுட்டவர் முகத்துக்குப் பறக்கும். இன்றைய துப்பாக்கிகள் பூட்டாமல் சுடாதபடி அமைந்தவை. ஆகவே தள்ளும்போது தயங்காதீர்கள், உள்ளங்கையால் ஓங்கித் தள்ளுங்கள். மராலைப் போல வில் உள்ளதென்றால் பிடியோடு கையைக் கூட்டிக்கொண்டு போகாமல் சட்டென்று விட்டுவிடுங்கள்.

இரண்டாவது, முழுக்க இழுக்காதது. பதற்றத்தில் முக்கால் தூரம் இழுத்துத் தள்ளுவார்கள். பழைய ஓடு விழுந்திருக்காது, அல்லது போல்ட் அடுத்த தோட்டாவின் பின்புறத்தைத் தாண்டி வந்திருக்காது. கடைசியில் சுவரில் இடித்த மாதிரி ஒரு முட்டு கைக்குத் தெரியவேண்டும். அந்த முட்டு வரை இழுத்த பிறகுதான் முன்னே.

கை போகும் வழியையும் பாருங்கள். பிடியை முஷ்டியால் பற்றினால் இழுக்கும்போது கை தன்னறியாமல் மேலே தூக்கும், அந்தப் பழைய தாழ்ப்பாள் பழக்கம். ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் கொக்கியாக்கி, முழங்கையைக் குழலுக்கு நேர்பின்னே கொண்டுபோங்கள். முன்கை துப்பாக்கியைத் தோளுக்குள் அழுத்திப் பிடித்திருக்கவேண்டும். அந்தப் பிடி தளர்ந்தால் இழுக்கும் கை துப்பாக்கியையே இழுத்துவிடும்.

வீட்டில் பழக: தோட்டாப் பெட்டியை வேறு அறையில் பூட்டுங்கள், குழலில் தோட்டா உட்காரும் சேம்பர் காலியா என்று கண்ணால் பார்த்து விரலாலும் தொட்டு உறுதி செய்யுங்கள், வில் வைத்த பொய்த்தோட்டா மட்டும் போடுங்கள். சுவரில் ஒரு பொட்டு ஒட்டி, புள்ளியை அதில் வைத்து விசை, இழு, தள்ளு, மறுபடி பொட்டு. முதல் வாரம் வேகமே வேண்டாம். நாளுக்கு இருபது முறை, இருபதிலும் புள்ளி பொட்டுக்குத் திரும்பவேண்டும். வேகம் தானாக வரும். பிறகு ஓடும் பன்றி வரைந்த தட்டி உள்ள சுடுகளத்துக்குப் போங்கள். ஜெர்மனியில் பல விரட்டு வேட்டைகளுக்கு ஓராண்டுக்குள் எடுத்த சுடுபயிற்சிச் சான்று இல்லாமல் அனுமதியே இல்லை.

கேள்வி: ஐயா காலத்து ரைஃபிள் ஒன்று பட்டாலையில் மரப்பெட்டியில் இருந்தது. குழலில் .315 என்று போட்டிருக்கிறது. உரிமம் ஐயா பேரில், அவர் போய் ஏழு வருஷமாகிறது. பேரன் "இதுவும் ஸ்ட்ரெயிட் புல்லா?" என்று கேட்கிறான். — ஒரு வாசகர், கோனாபட்டு

பதில்: பேரன் கேள்விக்கு முன்னால் உங்கள் கேள்வியாக வந்திருக்க வேண்டியதற்குப் பதில். உரிமதாரர் இறந்த பிறகு அந்தத் துப்பாக்கியை வீட்டில் வைத்திருப்பது ஆயுதச் சட்டப்படி குற்றம். துடைக்கவோ திறந்து பார்க்கவோ வேண்டாம், உள்ளே தோட்டா இருக்கலாம். பெட்டியை அப்படியே விட்டுவிட்டுக் காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லி, அங்கேயோ உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். பழைய தோட்டாக்களும் சேர்த்துத்தான். குடும்பத்தில் ஒருவர் வைத்துக்கொள்ள விரும்பினால் வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதம் ஆகியவற்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது, பரம்பரையாக வந்ததும் அந்தக் கணக்கில்தான் சேரும்.

பேரனுக்கு: இந்தியாவில் உள்ள .315 ரைஃபிள்கள் பெரும்பாலும் தூக்கி மடக்கும் சாதாரண போல்ட் வகை. ஆனாலும் பேரன் கேட்டதில் ஒரு உண்மை ஒளிந்திருக்கிறது. .303 ராணுவத் தோட்டா என்பதால் வெள்ளைக்காரர்கள் அதைப் பொதுமக்கள் கைக்கு விடவில்லை. அதற்குப் பதில் புழக்கத்துக்கு வந்த .315, ஆஸ்திரியாவின் 8×50 மன்லிக்கர் தோட்டாதான். அந்தத் தோட்டாவைச் சுட்ட 1895 மாடல் மன்லிக்கர் ராணுவ ரைஃபிள் அசல் ஸ்ட்ரெயிட் புல்.

கேள்வி: கடலைக் கொல்லையைக் காட்டுப்பன்றி உழுதுவிட்டுப் போகிறது. உரிமத் துப்பாக்கி வைத்திருப்பவர் சுடலாமா? — விவசாயி, திருப்பத்தூர் அருகே

பதில்: கூடாது. துப்பாக்கி உரிமம் வேட்டை உரிமம் ஆகாது. 2025 ஜனவரியில் தமிழக அரசு வகுத்த முறைப்படி, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளைச் சுடும் பொறுப்பும் வனத்துறையினருக்கு மட்டுமே. சேதத்தைப் படமெடுத்து கிராம நிர்வாக அலுவலரிடமும் வனச்சரக அலுவலகத்திலும் எழுதிக் கொடுங்கள். கம்பியில் நேரடி மின்சாரம் விடவேண்டாம், இரவில் தண்ணீர் பாய்ச்சப் போகும் உங்கள் வீட்டு ஆளே அதில் விழுவார். தீனிக்குள் வெடி வைக்கும் அவுட்டுக்காயும் வேண்டாம், மாடு கடித்துத் தாடை போகும். வெடிபோட்டு விரட்டலாம் என்றால் வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தின் பக்கம் அதுவும் ஆகாது. கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் தீபாவளிக்கே வெடி போடாமல் காக்கிற பறவைகள் அவை.

கேள்வி: வேட்டை இல்லாமல் விளையாட்டில் ஸ்ட்ரெயிட் புல் உண்டா? — கல்லூரி மாணவி, அழகப்பாபுரம்

பதில்: உண்டு. பனிச்சறுக்கும் துப்பாக்கி சுடுதலும் சேர்ந்த பயத்லான் போட்டியில் .22 ரைஃபிளால் 50 மீட்டரில் ஐந்து வட்டங்களைச் சுடவேண்டும். படுத்துச் சுடும்போது வட்டம் 45 மில்லிமீட்டர், நின்று சுடும்போது 115. 1980-களில் வந்த ஃபோர்ட்னர் அமைப்பில் ஆள்காட்டி விரலால் இழுத்துக் கட்டைவிரலால் தள்ளுவார்கள், உள்ளங்கை பிடியை விட்டு நகராது. காணொளி கிடைத்தால் விரல்களை மட்டும் பாருங்கள்.

கேள்வி: மழையில் நனைந்த ஆர்8-ஐ எப்படிப் பராமரிப்பது? சுட்ட ஓடு சில நேரம் இறுகிக்கொள்கிறது. — ஒரு வாசகர், பவேரியா

பதில்: இரண்டும் ஒன்றோடொன்று சேர்ந்தவை. சாதாரண போல்ட்டில் பிடியைத் தூக்கும்போதே ஒரு சரிவு ஓட்டை நெம்பி விடுவிக்கும். ஸ்ட்ரெயிட் புல்லில் அந்த நெம்புபலம் குறைவு, கையின் இழுப்பு ஒன்றுதான். அழுக்குச் சேம்பரும் மிதமிஞ்சி மருந்து அடைத்த தோட்டாவும் அதனால்தான் இதில் முதலில் தொல்லை கொடுக்கும். கடைத் தோட்டாவையே போடுங்கள். வெயிலில் நிறுத்திய காரின் கண்ணாடிக்கடியில் தோட்டாவை வைக்காதீர்கள், சூடேறினால் அழுத்தம் கூடும்.

வீட்டுக்கு வந்ததும் தோட்டாவை இறக்கி, போல்ட்டையும் குழலையும் கழற்றி, சூடான அறையில் துணியால் ஈரம் போகத் துடையுங்கள். ஈரத்தோடு பெட்டகத்தில் பூட்டினால் காலையில் குழல் அடியில் செம்புள்ளி தெரியும். போல்ட் முனையின் இதழ்களுக்கு நடுவே பழைய பல்துலக்கியால் தேய்த்து, ஒரே ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய் விடுங்கள். கிரீஸ் வேண்டாம், குளிரில் கெட்டியாகி இதழை விரியவிடாது. சேம்பர் எண்ணெய்ப் பசை இல்லாமல் காய்ந்திருக்கவேண்டும். ஓடு சேம்பர் சுவரைப் பிடித்து நின்றால்தான் வெடியின் தள்ளல் முழுதும் போல்ட்டின் மேல் விழாது. குழலைத் திரும்ப வைக்குமுன் அது உட்காரும் இரண்டு பரப்பையும் விரலால் தடவிப் பாருங்கள். ஒரு தேவதாரு ஊசியிலை சிக்கியிருந்தாலும் குண்டு படும் இடம் மாறிவிடும். மாட்டியபின் சுடுகளத்தில் ஒன்றிரண்டு சுட்டுப் பார்த்துவிட்டே அடுத்த வேட்டைக்குக் கிளம்புங்கள்.